டிஷ்வாஷருக்கு மின் இணைப்பு: எம்சிபி மட்டும் போதாதது ஏன்?

புது தில்லி: டிஷ்வாஷர் எனப்படும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தை வாங்குவோர், சமையலறையில் ஏற்கெனவே உள்ள ஏதேனும் ஒரு சாக்கெட்டில் அதனை இணைத்துவிடுவது வழக்கமாக உள்ளது. தண்ணீரும் மின்சாரமும் ஒரே உலோகப் பெட்டிக்குள் இயங்கும் சாதனம் என்பதால், இதில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

இவ்வியந்திரத்தில் அதிக மின்சாரத்தை எடுத்துக்கொள்வது மோட்டார் அல்ல. தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர்தான். 2,000 வாட் திறன் கொண்ட இயந்திரம் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் எடுக்கும். எனவே மிக்ஸிக்கான 6 ஆம்பியர் சாக்கெட்டோ, எக்ஸ்டென்ஷன் பெட்டியோ இதற்குப் பொருந்தாது. மின் பகிர்மானப் பெட்டியிலிருந்து தனி எம்சிபி-யுடன் தனி வயர் இழுத்து, 16 ஆம்பியர் சாக்கெட் அமைக்க வேண்டும். இதற்கு 4 சதுர மில்லி மீட்டர் தாமிர வயர் பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. சாக்கெட் இயந்திரத்தின் பின்புறம் இல்லாமல், கைக்கு எட்டும் பக்கத்து அலமாரியில் இருப்பது நல்லது. குழாய் கசிந்தால் முதலில் அணைக்க வேண்டியது அந்தச் சுவிட்சைத்தான்.

எம்சிபி இருப்பதாலேயே மின்னதிர்ச்சி ஏற்படாது எனப் பலரும் கருதுகின்றனர். அது காப்பது வயரை, மனிதரை அல்ல. 16 ஆம்பியர் எம்சிபி, அதற்கும் மேற்பட்ட மின்னோட்டம் பாய்ந்தால்தான் துண்டிக்கும். மனித உயிருக்கோ அதில் 500-இல் ஒரு பங்கே ஆபத்தாகலாம். அந்தச் சிறு கசிவை உணர்ந்து நொடிப்பொழுதில் மின்சாரத்தைத் துண்டிப்பது ஆர்சிசிபி எனும் மின்கசிவுத் தடுப்பு சாதனமாகும். வீட்டு இணைப்புகளில் இது 30 மில்லி ஆம்பியருக்கு மிகாத கசிவிலேயே செயல்பட வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின் நிபந்தனை.

இதைவிடக் கவனிக்கப்படாதது பிளக்கின் மூன்றாவது முனை. முறையான எர்த் இல்லாத வீடுகளில், சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலை எர்த்துடன் இணைத்துவிடும் தவறான பழக்கம் உண்டு. சோதனை பல்பு எரியும் என்பதால் வீட்டினருக்கு ஐயம் எழாது. ஆனால் நியூட்ரல் வயர் எங்கேனும் அறுந்தால், இயந்திரத்தின் உலோக உடல் முழுவதும் 230 வோல்ட் பாயும். அடிக்கடி ஆர்சிசிபி விழுகிறது என்பதற்காக எர்த் வயரைக் கழற்றுவதும் இதே அளவு ஆபத்தானது. பெரும்பாலும் பழுது ஹீட்டரில் இருக்கும்.

ஆர்சிசிபி-யில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம். எனினும் அது அச்சாதனத்தை மட்டுமே சோதிக்கும். எர்த் வயர் உள்ளதா என்பதைக் காட்டாது. அதனைக் கருவி கொண்டே அளக்க வேண்டும்.

பல்பு, மின்விசிறி, ஃப்யூஸ், சுவிட்ச் ஆகியவற்றை மாற்றுவதற்கு விதிகள் விலக்களிக்கின்றன. ஆனால் புதிய வயர் இழுப்பது உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரின் பணியாகும். பணி முடிந்ததும் எர்த் அளவீட்டை அவரிடம் எழுத்துமூலம் கேட்டுப் பெறலாம்.