கம்ப்யூட்டருக்குச் சோறு போடும் பெட்டி

சொந்தக் கையால் கம்ப்யூட்டர் பொருத்திக்கொள்ளும் இளைஞர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

கடையில் முழுதாக விற்கும் கம்ப்யூட்டரை அவர்கள் வாங்குவது இல்லை. பாகம் பாகமாக வாங்குகிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு திருப்புளியை வைத்துக்கொண்டு, தாங்களே மாட்டி விடுகிறார்கள்.

சென்னை அண்ணா சாலைக்குப் பக்கத்தில் ரிச்சி தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. அங்கே திரும்பிய பக்கம் எல்லாம் எலக்ட்ரானிக்ஸ் கடைகள்தான். கம்ப்யூட்டர் பொருத்த விரும்புகிறவர்கள், கையில் ஒரு சீட்டுடன் அங்கே கடை கடையாக ஏறி இறங்குவார்கள்.

சீட்டில் முதலில் இருப்பது "பிராசசர்". கம்ப்யூட்டரின் மூளை அதுதான். அடுத்தது "மதர்போர்டு". அதன் பிறகு "ராம்". பிறகு "கிராபிக்ஸ் கார்டு".

எல்லாவற்றுக்கும் கடைசியில் "எஸ்.எம்.பி.எஸ்." என்று ஒரு வரி இருக்கும். அது ஒரு தகரப் பெட்டி. பார்க்க அழகாக இராது. ஒரு காற்றாடியும், கொத்துக் கொத்தாக வயர்களும்தான் வெளியே தெரியும்.

கொண்டுவந்த பணம் அதற்குள் கரைந்து போயிருக்கும். "இருப்பதில் மலிவானதைக் கொடுங்கள்" என்பார்கள்.

தப்பு நடப்பது இங்கேதான்!

கம்ப்யூட்டரின் உயிரே அந்தத் தகரப் பெட்டியில்தான் இருக்கிறது. மூளைக்கும் சோறு வேண்டும் அல்லவா? அந்தச் சோற்றைப் போடுவது இந்தப் பெட்டிதான்.

நெல்லும் சோறும்

வயலில் விளைந்த நெல்லை யாரும் அப்படியே சாப்பிடுவது இல்லை. குத்திப் புடைக்க வேண்டும். உலையில் போட்டு வேகவைக்க வேண்டும். அதன் பிறகுதான் அது சோறு.

வீட்டுக்கு வரும் மின்சாரமும் நெல்லைப் போன்றதுதான். அதன் அழுத்தம் 230 வோல்ட். அது ஒரே திசையில் ஓடுவதும் இல்லை. ஒரு நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய் வருகிறது.

கம்ப்யூட்டரால் இதைச் சாப்பிட முடியாது. அதற்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். அதுவும் 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று அளந்து கொடுக்க வேண்டும்.

பிராசசருக்கு இதுவும் அதிகம். மதர்போர்டில் உள்ள சிறு பாகங்கள் 12 வோல்ட்டை மேலும் குறைத்து, சுமார் 1 வோல்ட்டாக்கி அதற்குக் கொடுக்கின்றன.

230 எங்கே, 1 எங்கே! நடுவில் நடக்கும் சமையலில் ஒரு சிறு பிசகு வந்தாலும் போதும். ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து வாங்கிய பாகங்கள் ஒரு நொடியில் கருகிவிடும்.

காற்றாடி வேண்டாம் என்றவர்

பழைய காலத்துப் பவர் சப்ளைகள் செங்கல்லைப் போல கனமாக இருந்தன. உள்ளே பெரிய இரும்பு "டிரான்ஸ்பார்மர்" இருக்கும். அது கொதிக்கும். சூட்டைத் தணிக்கக் காற்றாடி வைப்பார்கள். அது "கொர்" என்று இரைந்துகொண்டே இருக்கும்.

1977-ம் ஆண்டு அமெரிக்காவில் "ஆப்பிள் 2" என்ற கம்ப்யூட்டர் வெளிவந்தது. வீட்டில் வைத்துக்கொள்வதற்கென்று செய்த கம்ப்யூட்டர் அது. அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ், "என் கம்ப்யூட்டரில் காற்றாடிச் சத்தமே கேட்கக் கூடாது" என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

இந்த வேலையை ராட் ஹோல்ட் என்ற என்ஜினீயர் ஏற்றுக்கொண்டார். அவர் "ஸ்விட்ச்" முறையைப் பயன்படுத்தினார். பெரிய இயந்திரங்களில் முன்பே இருந்த முறைதான் அது. அதை வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் அடக்கமாகக் கொண்டுவந்தார். பெட்டி இலேசானது. சூடும் குறைந்தது. காற்றாடியும் தேவைப்படவில்லை!

அது என்ன ஸ்விட்ச் முறை?

ஒரு களத்து நெல்லைப் பெரிய வண்டியில் ஏற்றிச் சில நடையில் கொண்டுபோகலாம். சின்னக் கூடையில் அள்ளி, பல நூறு நடை நடந்தும் கொண்டுபோகலாம். நடை கூடினால், கூடை சின்னதாக இருந்தாலும் போதும்.

ஸ்விட்ச் முறையும் இப்படித்தான். மின்சாரத்தை ஒரு நொடிக்குப் பல்லாயிரம் தடவை விட்டு விட்டு அனுப்புகிறார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால், சின்ன டிரான்ஸ்பார்மரே போதுமானதாக இருக்கிறது.

"எஸ்.எம்.பி.எஸ்." என்ற பெயரில் உள்ள முதல் "எஸ்" இந்த ஸ்விட்சைத்தான் குறிக்கிறது. கையடக்கமான செல்போன் சார்ஜரிலும் இதே முறைதான்.

1981-ல் வந்த ஐ.பி.எம். கம்ப்யூட்டரின் பவர் சப்ளை 63.5 வாட் மட்டுமே. இன்று விளையாட்டுப் பிரியர்கள் பொருத்தும் கம்ப்யூட்டர்களுக்கு 500 வாட், 750 வாட் என்று தேவைப்படுகிறது.

சீட்டைப் படிக்க வேண்டும்

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். வாங்குமுன் அதைப் படிக்க வேண்டும். பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்தால் போதும்.

வோல்ட் என்பது மேல்நிலைத் தொட்டியின் உயரம். ஆம்பியர் என்பது குழாயில் ஓடும் தண்ணீரின் அளவு. இரண்டையும் பெருக்கினால் வருவது வாட்.

ஒரு பெட்டியில் "450 வாட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சீட்டில் 12 வோல்ட் என்ற இடத்தில் 16 ஆம்பியர் என்று இருக்கிறது. 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192. அதாவது 192 வாட்!

இந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்கள் பெரும் பகுதி மின்சாரத்தை 12 வோல்ட்டில்தான் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே கொட்டை எழுத்தை நம்பக் கூடாது. 12 வோல்ட் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

தேவை எவ்வளவு? 65 வாட் பிராசசர். 170 வாட் கிராபிக்ஸ் கார்டு. மற்றவற்றுக்கு 60 வாட். கூட்டினால் 295. பிராசசர் முழு மூச்சில் வேலை செய்யும்போது, எழுதியுள்ள அளவைத் தாண்டியும் இழுக்கும். அதனால் 450 அல்லது 500 வாட் உள்ள நல்ல பெட்டி வாங்குவது புத்திசாலித்தனம்.

நல்ல பெட்டிக்கும் மட்டமான பெட்டிக்கும் இன்னொரு பெரிய வித்தியாசம் உண்டு. வோல்ட் எகிறினாலும், வயர்கள் ஒன்றோடு ஒன்று உரசினாலும், நல்ல பெட்டி உடனே தானாக அணைந்துவிடும். மட்டமான பெட்டியில் இந்தக் காவல் சரியாக இருக்காது. அது சாகும்போது, மதர்போர்டையும் கூட அழைத்துக்கொண்டு போகும்!

"சுர்" என்று அடித்தால்...

"கம்ப்யூட்டர் பெட்டியில் கை பட்டால் சுர் என்கிறது" என்று சில வீடுகளில் சொல்வார்கள். "அது அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள்.

அப்படி விடக் கூடாது. "எர்த்" சரியில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

பவர் சப்ளைக்குள், மின்சாரத்தை வடிகட்டச் சில சிறு பாகங்கள் இருக்கின்றன. அவற்றின் வழியாக மிகச் சிறிய அளவு மின்சாரம் தகரப் பெட்டிக்குக் கசியும். எர்த் வயர் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டியிலேயே தங்கி, தொடுகிறவர் கையைச் சுண்டும்.

இந்தச் சிறு கசிவு பொதுவாக ஆளைக் கொல்லாது. ஆனால் உள்ளே ஏதாவது ஒரு வயர் பழுதாகித் தகரத்தைத் தொட்டுவிட்டால்? முழு 230 வோல்ட்டும் பெட்டியில் ஏறும். அது மண்ணுக்குப் போக ஒரே வழி, பெட்டியைத் தொடும் மனிதனின் உடம்புதான்!

மூன்று முள் உள்ள பிளக்கில், மேலே இருக்கும் முள் மட்டும் தடிப்பாகவும் நீளமாகவும் இருக்கும். அதுதான் எர்த். மற்ற இரண்டுக்கும் முன்னால் அது போய்த் தொட வேண்டும் என்பதற்காகவே அதை நீளமாக வைத்திருக்கிறார்கள். அந்த முள்ளை உடைத்துவிட்டுச் சொருகுவது உயிரோடு விளையாடுவது.

கம்ப்யூட்டர் வாங்குமுன், ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்க வேண்டும். மின்சாரக் கசிவு வந்தால் தானாக அணையும் "ஆர்.சி.சி.பி." ஸ்விட்ச் போடுவது இன்னும் நல்லது. வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவு உள்ளதைப் போடுவார்கள்.

பிள்ளைகளின் பொம்மை மின்சாரம்

கம்ப்யூட்டர் பொருத்தும் ஆசை அதோடு நிற்பதில்லை. விளக்கை மினுக்க வேண்டும், சிறு மோட்டாரை ஓட்ட வேண்டும் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கிளம்பிவிடுகிறார்கள். வரவேற்க வேண்டிய ஆசைதான்.

இதற்கென்றே சின்னச் சின்ன பலகைகள் வந்திருக்கின்றன. "ஆர்டுவினோ" என்ற பலகை 2005-ல் இத்தாலி நாட்டில் இவ்ரியா என்ற ஊரில், மாணவர்களுக்காகப் பிறந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்த ஓர் அரசனின் பெயர் அது. "ராஸ்பெரி பை" என்ற குட்டிக் கம்ப்யூட்டர் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் உருவானது. 2012-ம் ஆண்டு பிப்ரவரி 29-ந்தேதி விற்பனைக்கு வந்தது. உள்ளங்கையில் அடங்கும். அப்போது விலை 35 டாலர்.

இவற்றுக்கு 5 வோல்ட் போதும். செல்போன் சார்ஜர் தருவதும் சாதாரணமாக 5 வோல்ட்தான். ஆகவே பயம் இல்லாமல் விளையாடலாம்.

"சார்ஜரில் 3 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. பலகைக்கு 1 ஆம்பியர் போதுமாம். கூடுதலாகப் போய் எரிந்துவிடுமா?" என்று பல பெற்றோர் பயப்படுகிறார்கள்.

எரியாது. கல்யாண வீட்டில் அண்டா நிறையச் சோறு இருக்கிறது. பந்தியில் இருப்பவர் தன் வயிறு கொண்ட மட்டும்தான் சாப்பிடுவார். ஆம்பியரும் அப்படியே. சார்ஜரில் கூடுதலாக இருக்கலாம். குறைவாக இருக்கக் கூடாது.

ஆனால் வோல்ட் அப்படி அல்ல. அது சரியாகப் பொருந்த வேண்டும். 5 வோல்ட் கேட்கும் இடத்தில் 12 வோல்ட் கொடுத்தால் பலகை கருகிவிடும்.

2019-ல் வந்த "ராஸ்பெரி பை 4" பலகைக்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் வேண்டும். மட்டமான சார்ஜரோ, மெல்லிய நீள வயரோ போட்டால், வோல்ட் இறங்கி, திரையின் மூலையில் மின்னல் போல ஒரு சிறு படம் தோன்றும். "எனக்குச் சோறு போதவில்லை" என்று அது சொல்கிறது!

சிவப்பு எல்.இ.டி. விளக்குக்குச் சுமார் 2 வோல்ட்டும், 20 மில்லி ஆம்பியரும் போதும். 5 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் விளக்குப் போய்விடும். நடுவில் "ரெசிஸ்டர்" போட வேண்டும். 5-ல் 2 போக மீதி 3. அதை 0.02-ஆல் வகுத்தால் 150. ஆக, 150 ஓம் ரெசிஸ்டர். 220 ஓம் போட்டால் இன்னும் பத்திரம்.

மோட்டாரை ஆர்டுவினோவின் காலில் நேராக மாட்டக் கூடாது. அந்தக் கால் தாங்குவது 20 மில்லி ஆம்பியர் அளவுதான். மோட்டார் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். மோட்டாருக்குத் தனியாக மின்சாரம் கொடுத்து, அதை ஓட்டுவதற்கென்று உள்ள "டிரைவர்" பலகையை நடுவில் வைக்க வேண்டும்.

பழைய பெட்டி, புது ஆபத்து

பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளையைக் கழற்றி, இந்த விளையாட்டுக்குப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. வழக்கமான வண்ணக் கணக்கு இது: மஞ்சள் வயர் 12 வோல்ட். சிவப்பு 5 வோல்ட். ஆரஞ்சு 3.3 வோல்ட். பச்சை வயரையும் கறுப்பு வயரையும் சேர்த்தால் பெட்டி ஓடத் தொடங்கும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்த 5 வோல்ட்டுக்குப் பின்னால் 15, 20 ஆம்பியர் காத்திருக்கிறது. மெல்லிய வயர்கள் தப்பாகச் சேர்ந்தால், வயர் பழுக்கக் காய்ந்து தீப்பிடிக்கலாம். நடுவில் "பியூஸ்" இல்லாமல் அதைத் தொடவே கூடாது. சிறு பிள்ளைகளுக்கு இது வேண்டாம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து அந்தப் பெட்டியின் மூடியைத் திறப்பது.

உள்ளே "கபாசிட்டர்" என்ற உருளைகள் இருக்கின்றன. மின்சாரத்தைச் சேர்த்து வைப்பது அவற்றின் வேலை. 230 வோல்ட் அதற்குள் 325 வோல்ட் அளவுக்கு ஏறி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே போய்விடும் என்று சொல்ல முடியாது. "வயரைத்தான் கழற்றிவிட்டோமே" என்று கையை வைத்தால், உயிருக்கே ஆபத்து!

காற்றாடி ஓடவில்லையா? உள்ளே கருகிய வாடை வருகிறதா? திறந்து பார்க்க வேண்டாம். பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். அல்லது புதிது வாங்க வேண்டும்.

மூளைக்கு ஆயிரம் ஆயிரமாகக் கொட்டிக் கொடுக்கிறவர்கள், அதற்குச் சோறு போடும் பெட்டிக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கத் தயங்கக் கூடாது. அந்தச் சில நூறுதான் மற்ற எல்லாப் பாகங்களுக்கும் காவல்.

ஒரு நல்ல பெட்டி, ஒழுங்கான எர்த், கொஞ்சம் பெருக்கல் கணக்கு. இந்த மூன்றும் இருந்தால், கம்ப்யூட்டரும் நெடுநாள் உழைக்கும். வீட்டில் உள்ளவர்களும் பயம் இல்லாமல் இருக்கலாம்.