முகம் லட்சணமாக இருந்தால் ஹார்மோனும் சரியாக இருக்குமா?

தை முகூர்த்தங்கள் நெருங்க நெருங்க, இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. ஒரு தாய் எழுதுகிறார்: “பொண்ணு மூக்கும் முழியுமா லட்சணமா இருக்கா. மாதவிலக்கு மட்டும் மூணு மாசத்துக்கு ஒருதரம்தான் வருது. கல்யாணம் ஆனா சரியாயிடும்தானே?” இன்னொரு வீட்டில் கதை தலைகீழ். பெண்ணின் தாடையில் பரு இருப்பதைப் பார்த்து, “ஹார்மோன் கோளாறு, குழந்தை தங்காது” என்று மாப்பிள்ளை வீட்டில் பேசுகிறார்களாம். கல்யாணத்துக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது, என்ன டெஸ்ட் எடுப்பது என்று கேட்கிறார்கள்.

முகத்தைப் பார்த்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும் என்று இரண்டு வீட்டாருமே நம்புகிறார்கள். ‘ஹார்மோன் பேலன்ஸ்’ என்று மணப்பெண் பேக்கேஜ் விற்பவர்களுக்கும் இந்த நம்பிக்கைதான் மூலதனம். எந்த ஆய்வகமும் ‘பேலன்ஸ்’ என்று ஒரு அளவை ரிப்போர்ட்டில் அச்சிட்டுத் தருவதில்லை. ஈஸ்ட்ரோஜன் மாதவிலக்கின் இரண்டாம் நாள் ஓர் அளவில் இருக்கும். முட்டை வெளியேறும் சமயத்தில் பல மடங்கு ஏறிவிடும். இதில் எந்த நாள் அளவை முகம் காட்டுகிறது என்று விற்பவரிடமே கேளுங்கள்.

நம்பிக்கைக்கு விஞ்ஞான முத்திரை குத்தியது 2006இல் வெளியான ஒரு ஆய்வு. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் 59 இளம்பெண்களை வாரந்தோறும் படம் எடுத்து, சிறுநீரில் ஹார்மோனை அளந்தார்கள். ஈஸ்ட்ரோஜன் கூடுதலாக இருந்தவர்களின் முகங்களுக்கு, பார்த்தவர்கள் அழகிலும் ஆரோக்கியத்திலும் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். ஊடகங்களில் வலம்வந்ததோ இரண்டு கலவைப் படங்கள்: ஹார்மோன் அதிகமுள்ள 10 முகங்களைக் கணினியில் கலந்தது ஒன்று, குறைவான 10 முகங்களைக் கலந்தது மற்றொன்று. அந்த இரண்டு முகங்களுக்கும் சொந்தக்காரி யாருமில்லை. ஒப்பனை போட்டிருந்தவர்களிடம் இந்தத் தொடர்பே காணப்படவில்லை என்ற முடிவும் அந்த ஆய்விலேயே இருந்தது. அதைப் பலர் படிக்கவில்லை.

2018இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகக் குழு ஒன்று 249 பெண்களின் முகங்களை உமிழ்நீர் ஹார்மோனோடு ஒப்பிட்டது. அழகான முகத்துக்கு ஹார்மோன் அதிகம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இடுப்புச் சுற்றளவில் பத்தில் ஏழு பங்கு வயிற்றுச் சுற்றளவு இருந்தால் உத்தமம் என்று உளவியலாளர் தேவேந்திர சிங் 1993இல் பிரபலமாக்கிய கணக்கையும் பார்த்தார்கள். அதிலும் தொடர்பு இல்லை.

தொடர்பு இல்லை என்பதோடு விஷயம் முடிந்திருந்தால் நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். என்னை உறுத்துவது 1998இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு. 1920களில் பிறந்து, கலிஃபோர்னியாவில் சிறு வயதிலிருந்தே தொடர்ந்து கவனிக்கப்பட்ட ஆண்கள், பெண்களின் பழைய படங்களை எடுத்தார்கள். எல்லாம் 17 வயதுவாக்கில் எடுத்தவை. இளமையிலும் நடுவயதிலும் பிற்காலத்திலும் அவர்களின் உடல்நிலை எப்படி இருந்தது என்ற மருத்துவப் பதிவும் கையில் இருந்தது. அறிமுகமே இல்லாதவர்களிடம் படத்தைக் காட்டி, இவர் எவ்வளவு அழகு, எவ்வளவு ஆரோக்கியம் என்று கேட்டார்கள். அழகானவர்களுக்கே ஆரோக்கிய மதிப்பெண்ணும் அள்ளிக் கொடுத்தார்கள். பதிவேட்டைத் திறந்தால், அழகுக்கும் உடல்நிலைக்கும் எந்த வயதிலும் சம்பந்தமில்லை.

அடுத்து அழகின் பங்கைப் புள்ளியியல் முறையில் கழித்துவிட்டுப் பார்த்தார்கள். அப்போது அதே ஆட்களின் மதிப்பீடு உண்மையான உடல்நிலையோடு ஓரளவு ஒத்துப்போனது! அதாவது நோயை அடையாளம் காணும் திறன் நம் கண்ணுக்குக் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. எதிரே லட்சணமான முகம் வந்ததும் அது மழுங்கிவிடுகிறது. மருத்துவர்களும் இதற்கு விலக்கில்லை. பெண்களின் படங்களைக் காட்டி 1990இல் நடத்திய ஆய்வில், அழகாகத் தெரிந்தவர்களுக்கு வலி குறைவாக இருக்கும் என்றே மருத்துவர்கள் மதிப்பிட்டார்கள். ‘உங்களைப் பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க’ என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண்கள் இதைப் படித்தால் உடனே புரிந்துகொள்வார்கள்.

நம் வீடுகளில் இந்த முக மயக்கம் என்ன செய்கிறது? தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இவர்களில் பெரும்பாலோர் பார்க்க ‘நல்லாத்தான்’ இருக்கிறார்கள். மாநிறத்திலும் கறுத்த நிறத்திலும் வெளிறல் எளிதில் தெரியாது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தாலும் லேசான சோகை தப்பிவிடும். ஹீமோகுளோபின் பரிசோதனைதான் வழி.

உடம்பு நேர்மையாகக் காட்டும் அடையாளமும் உண்டு. அதை நாம் அழுக்கு என்று தேய்க்கிறோம். பிடரியில் கறுத்து, மடிப்பு மடிப்பாய், தொட்டால் வெல்வெட் போல் தடித்திருக்கும் தோல். கடலை மாவு, எலுமிச்சை, பீர்க்கங்கூடு எதற்கும் அது போகாது. ரத்தத்தில் இன்சுலின் மிகுந்து தோல் செல்களைப் பெருகத் தூண்டுவதுதான் அதற்கு வழக்கமான காரணம். சர்க்கரை நோய்க்கும், சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு எனப்படும் பிசிஓஎஸ்ஸுக்கும் அதுவே முன்னறிவிப்பாக இருக்கலாம். மகளின் கழுத்து போன வருடம் இப்படி இல்லையே என்று தோன்றினால் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் முகத்தோடு ஒப்பிட்டால் எதுவும் தெரியாது. மகளின் உடம்பையே ஆறு மாதத்துக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் நிறையத் தெரியும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாதவிலக்கு, கல்யாணம் ஆனால் சரியாகுமா? ஆகாது, இப்போதே மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள்.

பரு இருந்தால் குழந்தை தங்காதா? மாதவிலக்கு சீராக இருந்தால், பருவை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முகாந்திரமே இல்லை.

ஸ்கேனில் நீர்க்கட்டி என்று வந்தால் பிசிஓஎஸ்தானா? மாதவிலக்குக் கோளாறு, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேன் தோற்றம் இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஸ்கேன் மட்டும் போதாது.

பிசிஓஎஸ் என்றால் குழந்தையே பிறக்காதா? பெரும்பாலோருக்குப் பிறக்கிறது, சிலருக்குச் சிகிச்சையோடு.

ஒல்லியாக இருந்தால் பயமில்லையா? ஒல்லியானவர்களுக்கும் பிசிஓஎஸ் வரும், சர்க்கரையும் வரும்.

திடீரென மெலிந்து ‘அழகாகிவிட்டாள்’ என்கிறார்கள், சந்தோஷப்படலாமா? காரணம் தெரியாத மெலிவு என்றால் தைராய்டு, சர்க்கரை, காசநோய் மூன்றையும் பாருங்கள்.

கல்யாணத்துக்குள் நிறம் கூட்டும் கிரீம் பூசலாமா? கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021–23இல் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரில் 13 பேர் அத்தகைய கிரீம் பூசியவர்கள், சந்தேகம் பாதரசத்தின் மீது; பெயர் தெரியாத டப்பாவைக் குப்பையில் போடுங்கள்.