ஏசி அறையில் ஃபேன் எதற்கு?

வெளியே வெயில் கொளுத்துகிறது. ஏசி போட்ட செமினார் அறைக்குள்ளே மாணவிகள் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ரிமோட்டில் 20 டிகிரி. பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. குளிரில் நடுங்குவதற்கா இவ்வளவு மின்சாரம்?

ஆண்டு முழுக்கப் புழுங்கும் சிங்கப்பூரில் இதற்கு நல்ல விடை கண்டிருக்கிறார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2019 ஜனவரியில் திறந்த எஸ்டிஇ4 என்ற ஆறு மாடிக் கட்டடம், ஓராண்டில் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும்படி கட்டப்பட்டது. கூரையில் 1,200-க்கும் மேற்பட்ட சோலார் பேனல்கள். அகலமாக நீண்ட அந்தக் கூரையே சுவர்களுக்கும் நிழல்.

பேனல்களைவிட நாம் கவனிக்க வேண்டியது அங்கே அறைகளில் சுழலும் ஃபேன்களை. வெளிக்காற்றை வழக்கமான ஏசி அளவுக்குக் குளிர்விக்காமல், ஈரப்பதத்தையும் சற்றுக் கூடுதலாகவே விட்டு உள்ளே அனுப்புகிறார்கள். மிச்ச வேலையை ஃபேன் பார்த்துக்கொள்கிறது.

எப்படி என்கிறீர்களா? முன்கையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, உதட்டைக் குவித்து ஊதிப் பாருங்கள். 37 டிகிரி உடம்பிலிருந்து வரும் காற்றுதான், ஆனாலும் சில்லென்றிருக்கும். தோலை ஒட்டி வெதுவெதுப்பான காற்று ஒரு மெல்லிய போர்வைபோலப் படிந்திருக்கிறது. வீசும் காற்று அதை விலக்கி, வியர்வையையும் சட்டென்று உலர்த்துகிறது. அதனால்தான் ஃபேன் ஓடும் அறையில் 27 டிகிரியும் இதமாக இருக்கிறது.

ஏசியின் கம்ப்ரெசருக்கோ பாரம் பெரிதும் குறைகிறது. ஆழக் கிணற்றில் இறைக்கும் பாடு கூடுவதுபோல, உள்ளுக்கும் வெளிக்கும் வெப்ப வித்தியாசம் கூடக்கூட அதன் உழைப்பும் கூடும். ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது இந்தியாவின் எரிசக்தித் திறன் அமைப்பு. ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடினால் ஏறக்குறைய 1,500 வாட். சாதாரண சீலிங் ஃபேனுக்கு 75, புதிய பிஎல்டிசி மோட்டார் ஃபேனுக்கு 30 வாட்டே போதும். ஆனால் ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, ஆளைத்தான். காலி அறையில் அதை ஓடவிடுவது வீண்.

வகுப்பறைக்கு ஏசி மாட்டும் பொறுப்பு உங்களிடம் வந்தால், ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: இருக்கும் ஃபேனைக் கழற்றிவிடாதீர்கள்.