பார்த்து வளரும் பிள்ளை!

"எந்நேரமும் கைப்பேசியா? வைத்துவிட்டுப் போய் விளையாடு!" என்ற அதட்டல் கேட்காத வீடு மூலக்குளத்தில் இன்று உண்டா? அதட்டுகிற தந்தையின் கையிலே இருப்பது என்ன? அதுவும் கைப்பேசிதான்! அடுப்படியில் நிற்கும் தாயின் அருகிலே? அங்கேயும் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. பிள்ளை அதட்டலை மறந்துவிடுகிறது, கண்டதைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு, குற்றவாளிக் கூண்டில் பிள்ளையை மட்டும் நிறுத்துவது எந்த ஊர் நியாயம் என்று கேட்கிறோம்.

இது நாம் கட்டிவிடும் கதையன்று. அமெரிக்காவின் ஃபிராமிங்காம் நகரில், 4 முதல் 7 வயது வரையுள்ள 100 பிள்ளைகளையும் அவர்தம் பெற்றோரையும் ஆராய்ந்து, 1991-இல் முடிவை வெளியிட்டனர். உடலில் கருவி பொருத்தி அசைவை அளந்தனர். ஓடியாடி இயங்காத பெற்றோரின் பிள்ளைகளோடு ஒப்பிட்டால், தாய் இயங்குபவளாயின் பிள்ளையும் அவ்வாறு இருக்கும் வாய்ப்பு 2 மடங்கு. தந்தையாயின் மூன்றரை மடங்கு. இருவருமாயின் ஏறத்தாழ 6 மடங்கு! பிறவிக் குணத்துக்கும் இதில் பங்கு இருக்கலாம். ஆனால் பார்த்துப் பழகுவதும், கூடச் சேர்ந்து ஆடுவதும் நம் கையில் இருப்பவை அல்லவா?

பிள்ளைகள் நாளுக்குச் சராசரி 60 நிமிடமும், பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமும் உடலை இயக்க வேண்டும் என்றது உலகச் சுகாதார நிறுவனம். 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அந்த அளவை எட்டவில்லை. ஆண்களில் 100-க்கு 42 பேர்; பெண்களிலோ 57 பேர்! 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் எட்டாதோர் 2016-லேயே 100-க்கு 70-ஐத் தாண்டிவிட்டனர்.

பெற்றோர் சோம்பேறிகள் என்றா சொல்லுகிறோம்? இல்லை! பத்து மணி, பன்னிரண்டு மணி நேரம் உழைத்து, பேருந்தில் நசுங்கி வீடு வந்து சேருபவனிடம் "பந்து விளையாட வா" என்றால் அவன் என்ன செய்வான்? வெளி வேலை முடிந்து வீட்டு வேலையும் சுமப்பவள் என்ன செய்வாள்? கைப்பேசியைத் தந்து பிள்ளையை அமைதிப்படுத்துகிறாள். அது அவள் குற்றமா?

1936 சூலை 30-இல், இதே புதுவையில் ஆலைத் தொழிலாளர் 12 பேர் பிரெஞ்சு ஆட்சியின் குண்டுக்கு இரையானார்கள். மறு ஆண்டு 8 மணி நேர வேலை சட்டமாயிற்று. உழைப்புக்கு 8, உறக்கத்துக்கு 8, மிச்சம் 8 மணி மனிதனாய் வாழ! குருதி கொடுத்துப் பெற்ற அந்த மாலைப் பொழுதில் ஒரு பங்கை முதலாளி மிகை வேலையென்று விழுங்குகிறான். எஞ்சியதைக் கைப்பேசித் திரை விழுங்குகிறது.

பிரான்சு 2018-இல் பள்ளியில் பிள்ளைகள் கைப்பேசி பயன்படுத்தத் தடைச் சட்டம் இயற்றியது. நல்லதே. ஆனால் வீட்டுக்கு வந்தபின் பிள்ளை எதைப் பார்க்கும்?

ஆகவே அரசைக் கேட்கிறோம்: 8 மணி நேர வேலையை ஏட்டில் அன்றி நாட்டில் காட்டு! பள்ளி மைதானங்களை மாலையில் திறந்து விடு! வாகனத்துக்கு அஞ்சாமல் நடக்க நடைபாதை கொடு!

பெற்றோரையும் கேட்கிறோம்: மாலையில் ஒரு மணி நேரம் திரையை அணையுங்கள், பிள்ளையின் கை பிடித்துத் தெருவில் இறங்குங்கள். "விளையாடு" என்று ஆயிரம் முறை சொல்வதைவிட, ஒரு முறை கூட விளையாடுவது மேல்!