கர்னலின் உள்ளே – 14: ஒரே பெயருக்குப் பல சொந்தக்காரர்கள்

சி மொழியில் மாறிக்கு எல்லை உண்டு, ஃபங்ஷனுக்குள் இருப்பது வெளியே தெரியாது. மேக்ரோவுக்கு அப்படி எதுவும் இல்லை. ஏதோ ஒரு ஹெடரில் பிறந்து, அந்த ஹெடரைச் சேர்த்துக்கொண்ட எல்லாக் கோப்புகளுக்குள்ளும் நுழைந்துவிடும். கம்பைலர் பார்ப்பதற்கு முன்பே ப்ரீபிராசசர், பெயரைக் கண்ட இடத்திலெல்லாம் எழுத்துகளை மாற்றிவிடுகிறது.

லினக்ஸ் கர்னலில் 'கரன்ட்' என்று ஒரு மேக்ரோ இருக்கிறது. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் டாஸ்க்கை எடுத்துத் தருவது அதன் வேலை. பேட்டரிக்கு டிரைவர் எழுதுபவர், ஆம்பியரை வைக்கும் மாறிக்கு அதே பெயரைச் சூட்டினால் கம்பைலர் பிழை சொல்லி நின்றுவிடும். அவர் வேறு பெயர் தேடிக்கொள்வார், பாதகமில்லை.

சத்தம் போடாத மோதல்தான் ஆபத்து. இரண்டு மதிப்புகளில் சிறியதைத் தரும் 'மின்' மேக்ரோ, மதிப்புகளை முதலில் தற்காலிக மாறிகளில் வாங்கிக்கொள்ளும். நாம் அனுப்பும் மாறிக்கும் அதே பெயர் இருந்துவிட்டால், உள்ளே பிறக்கும் மாறி தன்னிடமிருந்தே மதிப்பை எடுத்துக்கொள்ளும். கிடைப்பது குப்பை. எச்சரிக்கைகூட வராமல் போகலாம். அதனால்தான் இன்று அந்தத் தற்காலிகப் பெயருடன், பயன்படுத்தும்போதெல்லாம் ஏறிக்கொண்டே போகும் ஓர் எண்ணை ஒட்டுகிறார்கள்.

இந்தப் பாதுகாப்புக்கும், 'மின்' செய்யும் வகைச் சோதனைகளுக்கும் ஒரு விலை இருந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக 'மின்', 'மேக்ஸ்' எழுதினால் விரிவு பல மடங்காகப் பெருகும். 2024-இல் கவனித்தபோது, ஜென் மெய்நிகராக்கத்துக்கான ஒரு கோப்பில் ஒரே ஒரு வரி 47 மெகாபைட் அளவுக்கு விரிந்திருந்தது. மாறிலிகளுக்கு மட்டுமாவது பழைய பாணியில் எளிய மேக்ரோ போதும் என்று லினஸ் டோர்வால்ட்ஸ் முடிவெடுத்தார். பெரிய எழுத்துகளில் 'மின்', 'மேக்ஸ்' இரண்டையும் பொது ஹெடரில் வைத்தார். 6.11 பதிப்பில் அவை வந்தன.

ஆனால் அந்தப் பெயர்களைப் பல டிரைவர்கள் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தன. எல்லாவற்றையும் ஒரே வழியில் மாற்றாமல், எந்த டிரைவர் எதற்காக அந்தப் பெயரை வைத்தது என்று பார்த்து மாற்றியதுதான் அந்த வேலையின் சிறப்பு. பொது மேக்ரோ செய்வதையே செய்தவை நீக்கப்பட்டன. பொது ஹெடர் தானாக வந்து சேருமா என்று உறுதியாகத் தெரியாத இடங்களில், ஏற்கெனவே வரையறுக்கப்படாவிட்டால் மட்டும் வரையறு என்று காவல் போடப்பட்டது. சில டிரைவர்கள் தம் பதிப்பு எண்ணின் மைனர் பகுதிக்கு 'மின்' என்று பெயரிட்டு, அதை மேஜர் பகுதியோடு ஒட்டிச் சரமாக்கிக்கொண்டிருந்தன. அந்தச் சுற்றுவழியே வேண்டாமென்று, டோர்வால்ட்ஸ் பதிப்பு எண்ணை நேரடிச் சரமாக எழுதிவிட்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசி வகை. ஒரு மதிப்பையோ அட்டவணைக்குள் ஓர் இடத்தையோ குறிக்க, அடைப்புக்குறி இல்லாத வெறும் 'மேக்ஸ்' வைத்திருந்த டிரைவர்கள் அவை. மேக்ரோவாகவே விட்டிருந்தால் ஒரே பெயருக்கு இரண்டு வரையறை ஆகியிருக்கும். அவர் அவற்றை 'ஈனம்' (enum) மாறிலிகளாக மாற்றினார். பெயரைத் தொடவில்லை, பயன்படுத்திய இடங்களையும் தொடவில்லை. மதிப்புகளை வாங்கும் மேக்ரோ, பெயருக்கு அடுத்துத் திறப்பு அடைப்புக்குறி வந்தால்தான் விரியும் என்பது சி மொழியின் விதி. அட்டவணைக்குள் நிற்கும் 'மேக்ஸ்'-க்குப் பின்னால் அடைப்புக்குறி வராததால் ப்ரீபிராசசர் அதை அப்படியே விட்டுவிடுகிறது. கம்பைலர் அதை டிரைவரின் மாறிலியாக எடுத்துக்கொள்கிறது.

(தொடரும்)