செத்துப்போச்சா, தூங்குதா?

“மாப்ளே, நீ பி.காம்தானே? ஒரு மரம் உயிரோட இருக்கா இல்லையான்னு உன்னால சொல்ல முடியுமா?”

ஒட்டாவா விமான நிலையத்தில் என் பெட்டியைக்கூட வாங்கிக்கொள்ளாமல் அத்தான் கேட்ட முதல் கேள்வி இது. பிரயாணம் எப்படி, சாப்பிட்டியா, ஊறுகாய் கொண்டாந்தியா... ஊஹூம்! பக்கத்தில் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். சண்டை சூடாக நடந்துகொண்டிருக்கிறது என்பது புரிந்தது. வெளியே இரண்டு டிகிரி குளிர்.

நடந்தது இதுதான். 2022 மே 21-ம் தேதி அந்த ஊரில் பேய்க்காற்று அடித்து, அக்கா வீட்டு முன்னால் இருந்த பெரிய மரம் சாய்ந்துவிட்டது. காலியான இடத்தில் என்ன வைக்கலாம் என்று நர்சரிக்குப் போனவளிடம் ஒரு பெண், “மேக்னோலியா வையுங்கள். உங்கள் ஊர் செண்பகமும் இந்தக் குடும்பம்தான்” என்று சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான், அக்கா உருகிவிட்டாள்!

அந்தப் பெண் சொன்னது வியாபாரப் பொய் இல்லை. மிச்சேலியா என்று தனி இனமாக வைத்திருந்த செண்பகத்தை இப்போது தாவரவியல்காரர்கள் மேக்னோலியாவோடு சேர்த்துவிட்டார்கள். தென்காசியில் எங்கள் பழைய வீட்டுக் கொல்லையில் ஒரு செண்பக மரம் உண்டு. அக்கா ஜடையில் அந்தப் பூ இல்லாத நாளே கிடையாது. வீட்டை விற்றோம். வாங்கியவர் முதல் வேலையாக மரத்தை வெட்டினார். அது அவர் உரிமை, நாம் என்ன சொல்ல! ஆனால் அக்கா அந்தச் செய்தியைக் கேட்டு போனிலேயே அழுதாள்.

ஆகவே 180 டாலர் கொடுத்து ஒரு கன்று. ஜப்பானிலிருந்து வந்த ‘ஸ்டெல்லாட்டா’ வகை. பூ நட்சத்திரம் மாதிரி இருக்கும். நாலடி உயரம். ஜூன் 4-ம் தேதி நட்டார்கள். ஒரு வருஷ கியாரண்டி. செத்துப்போனால் வேரோடு பிடுங்கி, ரசீதோடு கொண்டுபோனால் வேறு கன்று தருவார்கள்.

நான் போய் இறங்கியது 2023 ஏப்ரல் நடுவில். மரத்தைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் நாலு குச்சி! உச்சிக் கிளைகள் கறுத்துப்போய், அடிப்பட்டையில் ஒரு வெடிப்பு வேறு.

“பிடுங்கிட்டுப் போயி மாத்திரலாம்”னு அத்தான். “பச்சப்புள்ளையப் பிடுங்குறதா?”ன்னு அக்கா. கியாரண்டி முடிய ஏழு வாரம். நடுவர் நான்.

கணக்குப் படிப்பில் ‘வாராக்கடன்’ என்று ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். பணம் வராது என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் எழுதித் தள்ள வேண்டும். சந்தேகம் மட்டும்தான் என்றால் ஒரு தொகையை ஒதுக்கி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இந்த மரம் எந்த வகை? எனக்கு எப்படித் தெரியும்! நல்லவேளையாக, பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். எண்பது வயது. அந்தப் பனியிலே நாற்பது வருஷம் தோட்டம் போட்டவர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எங்கள் சண்டையைப் பாஷை புரியாமலே ரசித்துக்கொண்டிருந்தவர், கடைசியில் கத்தரியும் கையுமாக வந்துவிட்டார்.

முதல் பாடம், நகம். கிளையின் நுனியிலிருந்து ஆரம்பித்து, கடுகு அளவுக்குப் பட்டையைச் சுரண்ட வேண்டும். உள்ளே ஈரமாகப் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, வறண்டு இருந்தால் அந்த இடம் போச்சு. ஒரு சாண் கீழே இறங்கி மறுபடி சுரண்டு. பச்சை எங்கே ஆரம்பிக்கிறதோ அதுதான் எல்லை. சாதாரணமாக இருந்தால் வளையும், செத்த குச்சி ‘படக்’கென்று ஒடியும். நான் ஆர்வத்தில் ஏழெட்டு இடத்தில் சுரண்டிவிட்டேன். “போதும்டா, அதுக்கென்ன சொறியா?” என்று அக்கா கையைத் தட்டிவிட்டாள்.

உச்சியில் ஒன்றேகால் அடி பழுப்பு. அதற்குக் கீழே பச்சை!

அடுத்தது மொட்டு. மேக்னோலியா அடுத்த வசந்தத்துக்கான பூமொட்டை முந்தின கோடையிலேயே தயார் செய்து, ரோமச் சட்டை போட்டு வைத்துவிடும். தொட்டுப் பார்த்தால் பூனைக்குட்டியின் காது மாதிரி இருக்கும். குண்டாக இருந்தால் பூ, ஒல்லியாக இருந்தால் இலை. பாட்டி பிளேடால் ஒரு குண்டு மொட்டை நெடுக்காகப் பிளந்தார். மேல் கிளையிலிருந்து எடுத்ததில் உள்ளே மூக்குப்பொடி மாதிரி ஒரே பழுப்பு. முழங்கால் உயரத்தில் எடுத்ததில் வெளிர் நிறத்தில் இதழ்கள் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து, அப்படியே பிஞ்சுப் பூ. அக்கா, “ஐயோ, பாவம்” என்றாள். ஒரு பூ குறைந்ததற்குத்தான்.

ஏன் கீழே மட்டும் பிழைத்தது? பனிதான் காரணம்! குவிந்து கிடக்கும் பனிக்குள்ளே காற்று அடைபட்டிருப்பதால் அது கம்பளி மாதிரி வேலை செய்கிறது. அந்தக் குளிர்காலம் ஒரு கோமாளி. ஊரின் பெருமையான ரிடோ கால்வாய்ச் சறுக்கு மைதானம், ஐஸ் சரியாகக் கெட்டிப்படாததால், சரித்திரத்திலேயே முதல் தடவையாக அந்த சீசன் முழுக்கத் திறக்கவேயில்லை. ஆனால் பிப்ரவரி ஆரம்பத்தில் திடீரென்று மைனஸ் 30-ஐ ஒட்டிப் போய்விட்டது! தொடர்ந்து குளிராக இருந்தால் மரம் தாங்கும். கொஞ்சிவிட்டு அறைந்தால்தான் தாங்காது. (மனிதர்களும்தான். அத்தானைக் கேட்டால் சொல்வார்.)

குளிர் வரப்போகிறது என்று தெரிந்தால் மரம் என்ன செய்யும் தெரியுமா? செல்லுக்குள்ளே இருக்கும் தண்ணீரில் ஒரு பகுதியை வெளியே அனுப்பிவிட்டு, உள்ளே சர்க்கரையைக் கூட்டிக்கொள்ளும். ஐஸ் உறைந்தாலும் செல்லுக்கு வெளியே உறையும், உள்ளே கிழிக்காது. நம்ம வீட்டுச் சர்க்கரைப் பாகு ஃப்ரீஸரில் கல்லாகாதே, அந்த மாதிரி. இந்த ஏற்பாட்டுக்குப் பல வாரம் பிடிக்கும். இளந்தளிர் விட்டுக்கொண்டிருக்கும் கிளைக்கு அந்த அவகாசம் கிடைக்காது.

“ஆகஸ்டில் யாராவது உரம் போட்டீர்களா?” என்று கேட்டார் பாட்டி.

அத்தான் ஆகாயத்தைப் பார்த்தார்.

அக்காவுக்கு ஒரே வெற்றிக் களிப்பு. அதுவும் இரண்டு நிமிஷம்தான். பாட்டி குனிந்து, அடிமரத்தைச் சுற்றி மலையாகக் குவித்திருந்த மரத்தூளை விலக்கினார். பட்டையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரே கொறிப்பு! வோல் என்று ஒரு சின்ன எலி ஜாதி. பனிக்கடியில் சுரங்கம் போட்டு வந்து, மரத்தூளில் ஒளிந்துகொண்டு பட்டையைத் தின்னும். இலை சமைக்கும் சாப்பாடு பட்டையின் உட்புறம் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. வளையம் போல் சுற்றிக் கடித்துவிட்டால் வேர் பட்டினியில் செத்தே போகும். இங்கே கால்வாசிச் சுற்றளவுதான் போயிருந்தது, பிழைக்கும். மரத்தூளைக் குவித்தது யார்? குளிருமேன்னு போர்த்திவிட்ட அக்காதான்! வேருக்கு மேலே பரப்பலாம், தண்டில் முட்டக்கூடாதாம்.

அந்த வெடிப்பு மட்டும் எங்கள் குடும்பத்துக் குற்றமில்லை. அது தென்மேற்குப் பக்கம் இருந்தது. குளிர்காலப் பகல் வெயில் அந்தப் பக்கப் பட்டையைச் சூடாக்கி எழுப்பிவிடும். சூரியன் மறைந்ததும் சட்டென்று உறைந்து பட்டை பிளக்கும். அத்தான் தார் பூசலாமா என்று கேட்டார். ஒன்றும் பூசாதே, மரமே ஓரத்திலிருந்து மூடிக்கொள்ளும் என்றார் பாட்டி. நவம்பரில் வெள்ளைச் சுற்றுத்துணி கட்டி, ஏப்ரலில் அவிழ்த்தால் போதும். எலிக்குக் கம்பிவலை.

சரி, மேலே செத்த ஒன்றேகால் அடியை வெட்டிவிடலாமா? அத்தான் கத்தரியை எடுத்துவிட்டார். பாட்டி பிடுங்கிக்கொண்டார். நட்டு ஒரு வருஷமே ஆன கன்று தாமதமாகத்தான் விழிக்கும். பழுப்பு என்று நினைத்த இடத்துக்குக் கீழே எந்த மொட்டு கிளம்பும் என்று இப்போதே தெரியாது. ஜூன் கடைசி வரை பார். இலை வந்த பிறகு, உயிருள்ள மொட்டுக்குச் சற்று மேலே வெட்டு. அதுவரை உரம் கூடாது, கிளறக் கூடாது. வேர் சதைப்பற்றோடு மேலாகவே ஓடும். மண் காய்ந்தால் தண்ணீர் மட்டும்.

“ஜூன் கடைசியா? கியாரண்டி ஜூன் நாலோட முடியுதே!”

இதுதான் உண்மையான சிக்கல். அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் என் தீர்ப்பைக் கேட்டார்கள். புதுக் கன்று வாங்கினால் 180 டாலர் மிச்சம். ஆனால் அதுவும் முதல் குளிர்காலத்தை முதலிலிருந்து தாண்டவேண்டும். இதுவோ ஒன்றைத் தாண்டிவிட்டது, வேரும் ஊன்றியிருக்கும். தவிர, பச்சையாக இருப்பதைப் பார்த்த பிறகு ‘செத்துவிட்டது’ என்று கையெழுத்துப் போட என்னால் ஆகாது. நர்சரிக்காரன் அதே நகத்தால் சுரண்டிப் பார்த்தால் மானம் போகும்! “வாராக்கடன் இல்லை, சந்தேகக் கடன்தான். காத்திருங்க” என்றேன். அத்தான் ரசீதை மடித்து மறுபடி பர்ஸில் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை, கவனியுங்கள்!

மே இரண்டாவது வாரம் ஒரு காலையில் அக்கா கத்திய கத்தலில் நான் வெறுங்காலோடு ஓடினேன். முழங்காலுக்குக் கீழே, பனி மூடியிருந்த உயரத்தில் மட்டும், மூன்று பூ! வெள்ளை வெளேரென்று, மெல்லிய இதழ்கள். மேலே பார்த்தால் அதே கறுப்புக் குச்சிகள். கோட்டி பிடித்தவன் வேட்டியை மட்டும் கட்டிக்கொண்டு சட்டையில்லாமல் நிற்பது மாதிரி இருந்தது. அத்தான்தான் அதிகம் படம் எடுத்தார்.

உடனே தென்காசிக்கு வீடியோ கால். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

“என்னடி இது, வெள்ளையா இருக்கு? செண்பகம் மஞ்சளால்ல இருக்கும்?”

“இது சித்தி மகம்மா.”

“வாசம் வருதா?”

அக்கா மண்டியிட்டு, ஈரத்தரையில் கிட்டத்தட்டப் படுத்து, முகர்ந்தாள். ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை.

“லேசா வருதும்மா” என்றாள்.