பட்டாளத்துக்குப் போன தாத்தா எங்கே? பெயரைத் தேடித் தரும் பழைய ஏடுகள்!

கிண்டியில் பஸ் ஏறி பூந்தமல்லிக்குப் போகிறவர்கள் தினமும் அந்த இடத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். நந்தம்பாக்கம் வந்ததும் ரோட்டோரம் ஒரு பச்சைப் புல்வெளி. அதில் வரிசை வரிசையாகக் கல்லறைகள்.

"வெள்ளைக்காரங்க சமாதி" என்பார் பக்கத்து சீட்டுக்காரர். பஸ் போய்விடும்.

அதுதான் சென்னைப் போர்க் கல்லறைத் தோட்டம். 2-ம் உலகப்போரில் இறந்த 850-க்கும் அதிகமானவர்கள் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். முதல் உலகப்போர் நினைவுச்சின்னமும் அங்கேயே இருக்கிறது. பல ஊர்க் கல்லறைகளில் புதைக்கப்பட்டு, காலமெல்லாம் பராமரிக்க முடியாமல் போன ஆயிரத்துக்கும் அதிகமானவர்களின் பெயர்கள் அதில் உள்ளன.

சரி, வெள்ளைக்காரருக்குக் கல் இருக்கிறது. அவரோடு கப்பல் ஏறிய நம்ம ஊர்க்காரர் எங்கே?

"எங்க தாத்தாவோட அப்பா பட்டாளத்துக்குப் போனாரு. பஸ்ராவோ, பர்மாவோ... திரும்பி வரவே இல்லே."

இப்படி ஒரு கதை எத்தனையோ வீடுகளில் உண்டு. கதையோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால் அவருடைய பெயர், எங்கோ ஓர் ஏட்டில் எழுதப்பட்டிருக்கலாம்!

"தம்பி"கள்

முதல் உலகப்போரின்போது (1914-18) இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கடல் கடந்து போனார்கள். சுமார் 74 ஆயிரம் பேர் இறந்தார்கள். 2-ம் உலகப்போரில் (1939-45) இந்தியப் படையில் இருந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர்.

நம்ம பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் சேர்ந்தது மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில். பாலம் போடுவது, பாதை வெட்டுவது, குண்டு விழுகிற இடத்தில் குழி தோண்டுவது எல்லாம் இவர்கள் வேலை. பட்டாளத்தில் இவர்களுக்கு "தம்பி" என்றே செல்லப் பெயர். பெங்களூரில் உள்ள அந்தப் படைப்பிரிவில் இன்றும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

பெட்டியைத் திறங்க!

தேடலை லண்டனில் ஆரம்பிக்க வேண்டாம். வீட்டுப் பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியில் ஆரம்பித்தால் போதும்.

டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பென்ஷன் புத்தகம், பதக்கம்... எது கிடைத்தாலும் சரி. முதல் உலகப்போர் பதக்கத்தின் விளிம்பைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அங்கே பொடி எழுத்தில் பெயர், பட்டாள நம்பர், படைப்பிரிவு மூன்றும் பொறித்திருக்கும். அந்த நம்பர்தான் சாவி!

பதக்கத்தின் உலோகமும் ஒரு விஷயம் சொல்லும். சிப்பாய்க்குக் கொடுத்தது வெள்ளி. கூலிப் படையில் போனவருக்குக் கொடுத்தது வெண்கலம். மண் சுமந்தவர், தண்ணீர் சுமந்தவர் எல்லாம் அதே குண்டுக்கு நடுவில்தான் நின்றார்கள். பதக்கத்தில் மட்டும் தராதரம்!

17 லட்சம் பெயர்கள்

போரில் இறந்தவர்களின் கல்லறைகளைக் கவனிக்க 1917-ம் ஆண்டு ஓர் ஆணையம் ஏற்படுத்தினார்கள். இப்போது அதற்குப் பெயர் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். இரண்டு உலகப்போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் விவரம் அதனிடம் உள்ளது. இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம்.

பெயர், நம்பர், படை, இறந்த தேதி ஆகியவை இருக்கும். பல பதிவுகளில் அப்பா பெயர், ஊர், தாலுகா, ஜில்லா கூட இருக்கும்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். "தேடிப் பார்த்தேன் சார், இல்லே" என்று கம்ப்யூட்டரை மூடிவிடுகிறார்கள்.

காரணம் எழுத்து! காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதியவர் அந்தக் காலத்து குமாஸ்தா. முனுசாமி, முனிசாமி ஆகியிருப்பார். முனிஸ்வாமி ஆகியிருப்பார். ஆகவே ஒரே பெயரை நாலைந்து விதமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஜில்லாவும் பழைய பெயரில்தான் இருக்கும். திருவண்ணாமலை ஆளை "வட ஆற்காடு" என்று தேட வேண்டும்.

பெயர் ஒத்துப்போனால் மட்டும் நம்பிவிடக் கூடாது. ஒரே தாலுகாவில் பத்து முனுசாமி இருப்பார்கள். அப்பா பெயரும் ஊரும் சேர்ந்து பொருந்தினால்தான் அவர் உங்கள் தாத்தா.

வெறும் எண்ணிக்கை

பஸ்ராவில் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. ஈராக் போர்முனையில் இறந்து, கல்லறை தெரியாமல் போன 40 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களுக்காக 1929-ம் ஆண்டு திறக்கப்பட்டது. வெள்ளைக்கார சிப்பாய்களின் பெயர்களைக் கல்லில் வெட்டினார்கள். இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டுமே பெயர். சாதாரண சிப்பாய்களுக்கு, இந்தப் படையில் இத்தனை பேர் என்று வெறும் எண்ணிக்கை!

நம் கிராமங்கள் சிலவற்றில் சுவரில் பதித்த பழைய கல்வெட்டுகளும் இப்படித்தான். இந்த ஊரிலிருந்து பெரும் போருக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று இருக்கும். யார் யார் என்று இருக்காது.

இந்தப் பாகுபாட்டுக்காக 2021-ம் ஆண்டு அந்த ஆணையமே மன்னிப்பு கேட்டது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் என்று 45 ஆயிரம் முதல் 54 ஆயிரம் பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்று அதன் அறிக்கை ஒப்புக்கொண்டது. பஸ்ராவில் கல்லில் இல்லாத சிப்பாய் பெயர்கள் ஏட்டில் இருந்தன. அதனால்தான் இன்று தேட முடிகிறது.

ஏடே இல்லாதவர்கள்

ஏடும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். சயாம் மரண ரெயில் பாதைக்குப் போன தமிழர்கள்!

1942-43-ல் ஜப்பானியர்கள் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோ மீட்டர் ரெயில் பாதை போட்டார்கள். போர்க் கைதிகள் சுமார் 12 ஆயிரம் பேர் இறந்தார்கள். கூலிகளாகப் பிடித்துச் செல்லப்பட்ட ஆசியர்களில் இறந்தவர்கள் 80 ஆயிரம் முதல் 1 லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் மலேயா ரப்பர் தோட்டத் தமிழர்கள் ஏராளம்.

காஞ்சனபுரி போர்க் கல்லறையில் 6 ஆயிரத்து 900-க்கும் அதிகமான போர்க் கைதிகள் பெயரோடு தூங்குகிறார்கள். எப்படிப் பெயர் கிடைத்தது? செத்தவர் யார், எங்கே புதைத்தோம் என்று கூட இருந்த கைதிகள் ரகசியமாக எழுதி வைத்தார்கள். காவலாளி கண்ணில் படாமல் அந்தக் காகிதங்களைக் கல்லறைக்குள்ளேயே ஒளித்தார்கள். போர் முடிந்ததும் தோண்டி எடுத்தார்கள்.

தோட்டத் தமிழனுக்கு எழுதி வைக்க ஆள் இல்லை. காலராவில் கும்பல் கும்பலாகச் செத்தார்கள். பெயர் போனது. 2023-ம் ஆண்டுதான் காஞ்சனபுரியில் ஒரு புத்தர் கோவிலில் அவர்களுக்கு நடுகல் வைக்கப்பட்டது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே கல்!

கடிதம் நின்ற வருஷம்

அப்படிப்பட்டவரைத் தேடுகிற குடும்பத்துக்கு மிஞ்சியிருப்பது வீட்டுப் பேச்சுதான்.

எந்த ஊர்க் கங்காணி கூட்டிப் போனார்? நாகப்பட்டினத்திலா, சென்னையிலா கப்பல் ஏறினார்? ரஜூலா கப்பலா? எந்தத் தோட்டம்? மணியார்டரும் கடிதமும் எப்போது நின்றது?

சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15-ந்தேதி. அதோடு மலேயாத் தபால் நின்றுபோனது. 1945-ல் போர் முடிந்த பிறகும் ஒருவரிடமிருந்து கடிதம் வரவில்லை என்றால், அந்த மூன்றரை வருஷத்துக்குள் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். தேட வேண்டிய காலம் அது.

இந்த விவரமெல்லாம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிடைக்காது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம்தான் கிடைக்கும். சின்ன வயதில் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்ற பெண்ணுக்கு இன்று 90 வயதாவது இருக்கும்.

இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டால் சொல்வார். பெயர், அப்பா பெயர், ஊர், கடிதம் நின்ற வருஷம்... இந்த நாலையும் ஒரு நோட்டில் எழுத 5 நிமிஷம் போதும்.

காஞ்சனபுரிக் கைதிகள் செய்ததும் அவ்வளவுதான். ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரை எழுதினார்கள்.